ஒதுங்கி உட்கார்ந்த அனுமனும் ஒற்றைக் காலில் நின்ற சேனையும்



சமய வகுப்பு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வயது இருபத்தெட்டு இருக்கும். செங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போன வருஷம்தான் சூப்பர்வைசர் ஆனவர். அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர்.

"அண்ணே, சண்டை போடுறவங்கள, வாயாடுறவங்கள எப்படியோ சமாளிச்சிடுறேன். பேசாம இருக்கிறவங்கள என்ன பண்றதுன்னுதான் தெரியல. மூணு பேர் இருக்காங்க. மீட்டிங்ல வாயே திறக்கமாட்டாங்க. எல்லாம் சரியான்னு கேட்டா தலையாட்டுவாங்க. அவங்கள எப்படி உற்சாகப்படுத்துறது? நம்ம சமயத்துல இதுக்கெல்லாம் ஏதாச்சும் வழி இருக்கா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சமயத்தில் வீடுபேற்றுக்கு வழி இருக்கும், மீட்டிங்குக்குமா வழி இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தம்பியின் நாற்காலியில் நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து, தப்பும் செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் கேட்டதற்குப் பதில்.

வழி இருக்கிறது. இராமாயணத்திலேயே இருக்கிறது.

கடற்கரையில் ஒரு கூட்டம்

கிட்கிந்தா காண்டத்தின் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். சீதையைத் தேடித் தெற்கே வந்த வானர சேனை கடற்கரையில் நிற்கிறது. சுக்ரீவன் கொடுத்த ஒரு மாதக் கெடு முடிந்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பினால் தலை தப்பாது. பட்டினி கிடந்து இங்கேயே உயிரை விடலாம் என்று அங்கதன் சொல்லும் அளவுக்கு மனம் உடைந்த நேரம். அப்போதுதான் சம்பாதி என்ற கழுகரசன், சீதை இலங்கையில் இருக்கிறாள் என்ற செய்தியைச் சொல்கிறான். இடையில் நூறு யோசனைக் கடல்.

அங்கதன் கூட்டம் போடுகிறான். யாரால் எவ்வளவு தூரம் தாண்ட முடியும் என்று கேட்கிறான். ஒருவர் பத்து யோசனை என்கிறார். அடுத்தவர் இருபது. அப்படியே முப்பது, நாற்பது என்று ஏறி எண்பது வரை போகிறது. கிழவரான சாம்பவான், இந்த வயதில் தொண்ணூறு தாண்டுவேன் என்கிறார். அங்கதன் நூறும் தாண்டுவேன், ஆனால் திரும்பி வர முடியுமா என்பதுதான் சந்தேகம் என்கிறான். நீ தலைவன், உன்னை அனுப்பக் கூடாது என்று சாம்பவான் தடுக்கிறார்.

இப்போது கவனியுங்கள். இத்தனை பேர் எண் சொன்ன கூட்டத்தில் எண்ணே சொல்லாத ஒருவன் இருக்கிறான். வால்மீகி சொல்கிறார்: அனுமன் பேசாமல் தனியே ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். முடியாது என்றும் சொல்லவில்லை, முடியும் என்றும் சொல்லவில்லை.

இன்றைய மேனேஜர் அங்கே இருந்திருந்தால், அனுமன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருப்பார்? "ஈடுபாடு குறைவு" என்றுதானே?

அனுமனுக்குப் பேசத் தெரியாதா? இராமனும் இலக்குவனும் முதன்முதலில் அனுமனைச் சந்தித்தபோது, அவன் பேசிய அழகைக் கேட்டு இராமனே வியந்து புகழ்ந்தான். சொல்லின் செல்வன் என்று இன்றைக்கும் நாம் சொல்கிறோமே, அந்தப் பெருமை அவனுக்குத்தான். அப்படிப்பட்டவன் ஏன் பேசவில்லை? சின்ன வயதில் அவன் செய்த குறும்பு தாங்காமல் முனிவர்கள் ஒரு சாபம் கொடுத்தார்கள். உன் பலம் உனக்கே தெரியாமல் போகட்டும், ஒருவர் நினைவுபடுத்தும்போதுதான் அது வெளிப்படும் என்பது அந்தச் சாபம். உத்தர காண்டம் இதைச் சொல்கிறது.

தம்பிமார்களே, உங்கள் டிபார்ட்மென்டில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கும் அப்படி ஒரு சாபம் எங்கேயோ விழுந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், வீட்டில் ஒரு மாமா, முந்தின வேலையில் ஒரு முதலாளி. "உனக்கு என்ன தெரியும்" என்ற மூன்று வார்த்தை போதாதா?

சாம்பவான் என்ன செய்தார்?

அங்கதன் இளவரசன், படையின் தலைவன். அவன் கேட்டதோ எல்லாருக்கும் பொதுவான கேள்வி. பொதுவான கேள்விக்குப் பேசுகிறவர்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள். சாம்பவான் அதற்கு மேல் போனார்.

ஒன்று, பேசாதவன் யார் என்று பார்த்தார். பேசினவர்களின் எண்களையே கூட்டிக் கழித்துக்கொண்டிருக்காமல், ஒதுங்கி இருந்தவன் பக்கம் திரும்பி, பெயர் சொல்லி அழைத்தார்.

இரண்டு, அவனை அந்த எண் போட்டியில் இழுத்துவிடவில்லை. "அவர் எண்பது சொன்னார், நீ எவ்வளவு?" என்று கேட்கவில்லை. பல அடக்கமான மனிதர்களுக்கு ஒப்பீடு என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மூன்று, அவனைப் பற்றிய உண்மையைச் சொன்னார். நீ கெட்டிக்காரன், சூப்பர் என்று பொத்தாம் பொதுவாகப் புகழவில்லை. உன் தாய் அஞ்சனை, நீ வாயுவின் மகன், குழந்தையாக இருந்தபோது சூரியனைப் பழம் என்று நினைத்துத் தாவினாய், இந்திரனின் வச்சிரம் தாடையில் பட்டது, அதன் பிறகு தேவர்கள் இன்னின்ன வரம் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். அவன் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. இது முக்கியம். அவன் யார் மகன், எங்கிருந்து வந்தான், முன்னால் எதைச் செய்து காட்டினான் என்று தெரியாமல் யாரையும் உற்சாகப்படுத்த முடியாது.

நான்கு, ஏன் அவன் தேவை என்று சொன்னார். இத்தனை பேர் உயிரும் உன்னைத்தான் நம்பியிருக்கிறது என்றார். அடக்கமானவர்கள் தங்களுக்காக எழுந்திருக்கமாட்டார்கள். மற்றவர்களுக்காக என்றால் எழுந்துவிடுவார்கள்.

ஐந்தாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அனுமன் தாவத் தயாரானதும் சாம்பவான் சொல்கிறார்: நீ திரும்பி வரும்வரை நாங்கள் எல்லாரும் இங்கே ஒற்றைக் காலில் நிற்போம். வேலையைக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. "போய்ட்டு வா, என்ன ஆச்சுன்னு மெசேஜ் பண்ணு" என்று சொல்லவில்லை. உனக்காகத் தவம் இருக்கிறோம் என்கிறார்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணம் கிளம்புவதற்கு முன்பே இராமன் தன் கணையாழியை யாரிடம் கொடுத்தான்? படைத்தலைவன் அங்கதனிடமா? இல்லை, அனுமனிடம். திருக்குறளில் தெரிந்துவினையாடல் என்று ஒரு முழு அதிகாரம், 52ஆம் அதிகாரம் இருக்கிறது. இந்த வேலையை இந்த வழியில் இந்த ஆள் முடிப்பான் என்று ஆராய்ந்து தெளிந்து, பிறகு அதை அவன் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே வள்ளுவர் சொல்லும் கருத்து. கணையாழியைக் கொடுத்த கை அதைத்தான் செய்தது.

நம் மௌனம் எங்கிருந்து வந்தது?

இதை மலாக்காவில் இருந்துகொண்டு பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நம்மில் பலருடைய அமைதி பிறவிக் குணம் மட்டும் அல்ல.

மலாயாவில் இரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது நம் மாநிலத்தில்தான். 1896இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். பிறகு புக்கிட் அசஹான் பெரிய தோட்டமானது. அதற்குப் பின்னால் வந்த தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் பால் மரம் வெட்டினார்கள். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் "ஐயா" என்று ஒரு சொல், அவ்வளவுதான். கிராணியோ மண்டோரோ கேட்டால் பதில் சொல்லலாம், நாமாக ஒன்று கேட்கக் கூடாது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. வாயைத் திறந்தால் பிள்ளைகுட்டிகளோடு தெருவில் நிற்க வேண்டும் என்ற நிலையில் ஒரு மனிதன் எதைக் கற்றுக்கொள்வான்? தன் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பான்? "பேசாம இரு, வேலைய மட்டும் பாரு."

அது கோழைத்தனம் இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்றிய புத்தி. ஆனால் தோட்டம் போய், லயம் போய், நாம் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகும் அந்தப் பெரட்டு நம் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. குளிர்சாதன அறையில், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதும் சிலர் மனத்தில் இன்னும் பெரட்டுதான். சூப்பர்வைசர் கேள்வி கேட்டால் "சரிங்க" என்று சொல்லச் சொல்கிறது அந்தப் பழக்கம். அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதினால் நாம் அந்த மண்டோரைவிட எந்த வகையில் உயர்ந்தவர்கள்?

நான் செய்த தப்பு

நான் சூப்பர்வைசராக இருந்தபோது எனக்குக் கீழே ஒரு பையன் வேலை செய்தான். தோட்டத்துக் குடும்பம். நேரத்துக்கு வருவான், நேரத்துக்குப் போவான், பேச்சே கிடையாது. ஒரு நாள் காலை மீட்டிங்கில் எல்லாரும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனை உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "என்னடா, வாய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரிப்பது மாதிரி இருந்தான்.

கொஞ்ச நாளில் அவன் பார்த்துக்கொண்டிருந்த இயந்திரம் பழுதாகி, ஒரு தொகுதிச் சரக்கு முழுவதும் தள்ளுபடி ஆனது. மேலிடத்தில் எனக்குச் சரியான ஏச்சு. கோபத்தோடு அவனிடம் போய், "சத்தம் மாறினது உனக்குத் தெரியலையா? ஏன் சொல்லல?" என்று கத்தினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் ஷிஃப்டு பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினான். மூன்று வாரமாகச் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறான். சத்தம் மாறியிருக்கிறது, சூடு கூடுகிறது, பார்க்க வேண்டும் என்று. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் என் கையெழுத்து இருந்தது. படிக்காமல் போட்ட கையெழுத்து.

அவன் பேசியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த வழியில் மூன்று வாரமாகப் பேசியிருக்கிறான். நான்தான் செவிடன்.

அடுத்த மாதச் சம்பளம் வாங்கியதும் வேலையை விட்டுவிட்டான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தது, மேலதிகாரி எப்படிக் கீழே இருப்பவனிடம் கேட்பது என்ற எண்ணம் தடுத்தது. இவ்வளவுதான் என் கதை. இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. உங்களுக்காவது உதவட்டும் என்றுதான் சொல்கிறேன்.

தானே நடந்து போன அரசன்

பெரிய புராணத்தில் பூசலார் நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். திருநின்றவூரில் வாழ்ந்த ஏழை அடியார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, சிற்பியைத் தேடி, நாள் பார்த்து அடிக்கல் வைத்து, விமானம், மதில், குளம் எல்லாம் கட்டி முடித்து, குடமுழுக்குக்கும் நாள் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசன் உண்மையான கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். இறைவன் அவன் கனவில் வந்து, நாளை நான் பூசலின் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார்.

அரசன் திருநின்றவூருக்கு வந்து, பூசல் கட்டிய கோயில் எங்கே என்று கேட்கிறான். அவர் இங்கே கோயில் எதுவும் கட்டவில்லையே என்று ஊரார் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தெரியாத உழைப்பு அது.

சேக்கிழார் இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் சொல்கிறார். ஊரார் பூசலாரை அழைத்து வரக் கிளம்புகிறார்கள். அரசன் அதை அனுமதிக்கவில்லை. தானே அவர் இருந்த இடத்துக்குப் போகிறான். போய், கேட்டு, தெரிந்துகொண்டு, தரையில் விழுந்து வணங்குகிறான்.

பன்னிரண்டு பேருக்கு மேனேஜராக இருக்கிற நாம், "அவன என் ரூமுக்கு வரச் சொல்லு" என்கிறோம். ஒரு நாட்டுக்கே மேனேஜராக இருந்தவன் எழுந்து போனான்.

நாளைக் காலை என்ன செய்யலாம்?

அந்தத் தம்பி கேட்டதற்கு இப்போது நேராகவே பதில் சொல்கிறேன்.

முதலில், அந்த மூன்று பேரின் மௌனமும் ஒரே மௌனமா என்று பாருங்கள். ஒருவருக்கு இயல்பே அமைதி. அவரை மாற்ற வேண்டியதில்லை. ஒருவருக்குப் பயம், அந்தப் பயத்தைப் போக்க வேண்டும். இன்னொருவருக்கு மனக்கசப்பு, யாரோ அவர் யோசனையைத் தன்னுடையதாகச் சொல்லிப் பேர் வாங்கியிருக்கலாம். அங்கே நியாயம் செய்ய வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் வியாதிதான் கூடும்.

மீட்டிங்கில் பேசப்போவதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். யோசித்துப் பேசுகிறவர்களுக்கு அந்த ஒரு இரவு போதும். எழுதிக் கொடுக்கவும் இடம் கொடுங்கள். எழுதியதைப் படியுங்கள், என்னைப் போல் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

வாரத்தில் ஒரு பத்து நிமிஷம் அவர் வேலை செய்யும் இடத்துக்கு நீங்களே போங்கள். சும்மா "ஓகேவா?" என்று கேட்காதீர்கள். ஓகே என்றுதான் பதில் வரும். "இந்த வேலையில எது உங்களுக்குத் தொந்தரவா இருக்கு? எத மாத்தினா நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த இடைவெளியை உங்கள் பேச்சால் நிரப்பாதீர்கள். கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி பேசாமலேயே நான்கு முனிவர்களின் சந்தேகத்தைத் தீர்த்தார். நம்மால் அரை நிமிஷம் பேசாமல் இருக்க முடியாதா?

பாராட்டும்போது சாம்பவான் மாதிரி பாராட்டுங்கள். இன்ன நாள், இன்ன வேலை, அதனால் இன்ன நன்மை என்று. எல்லார் முன்னாலும் மாலை போட்டுக் கைதட்டினால் சிலர் கூசிப்போவார்கள். அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். ஆனால் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் அவர் பெயரைத் தவறாமல் போடுங்கள். அது கூச்சத்துக்குரிய விஷயம் இல்லை, அவருடைய உரிமை.

ஒரு முழு வேலையை அவர் கையில் கொடுங்கள். கொடுத்தபின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்காதீர்கள். ஆனால் ஒற்றைக் காலில் நில்லுங்கள். அதாவது, அவர் தடுமாறினால் பிடிக்க நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியட்டும்.

இதையெல்லாம் தொழிற்சாலைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் இளைஞர் இயக்கக் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் அதே ஐந்து பேர்தான் பேசுகிறோம். பாத்திரம் கழுவுகிற தங்கை, நாற்காலி அடுக்குகிற தம்பி, கணக்கு எழுதுகிற பிள்ளை, இவர்களை யார் கேட்டோம்?

பேசாதவர்களுக்கும் ஒரு வார்த்தை

இதைப் படிக்கிறவர்களில் அந்த மூன்று பேரைப் போன்றவர்களும் இருப்பீர்கள். உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அனுமன் ஒதுங்கி உட்கார்ந்திருந்தான், சரி. ஆனால் சாம்பவான் பேசி முடித்ததும், "வேண்டாங்க, வேற யாரையாவது பாருங்க" என்று சொல்லவில்லை. எழுந்தான், வளர்ந்தான், தாவினான். உங்களைத் தேடி ஒரு சாம்பவான் வரும்போது கதவைச் சாத்திவிடாதீர்கள். இயந்திரத்தில் ஆபத்து, கணக்கில் தவறு, ஒருவருக்கு அநியாயம் என்று கண்ணில் பட்டால், அங்கே அமைதி அடக்கம் ஆகாது. நீளமாகப் பேச வேண்டாம். இலங்கையிலிருந்து திரும்பிய அனுமனும் நீட்டி முழக்கவில்லை. துடித்துக்கொண்டிருந்தவனுக்கு முதலில் வேண்டிய செய்தியை முதலில் சொன்னான். அது போதும்.

சன்னாசிமலையில்

மாசி மகத்துக்கு மலாக்கா நகரத்துப் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகப் பெருமான் இரதத்தில் புறப்பட்டு நம் செங் சன்னாசிமலைக்கு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில வருஷங்களுக்கு முன் அந்தக் கூட்டத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஓடி ஓடி மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் சத்தமே இல்லாமல் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். பயந்துகொண்டு ஓரமாக நின்ற ஒரு சின்னப் பையனின் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அவன் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார். பையன் சிரித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனான்.

அவர் நிமிர்ந்தபோதுதான் முகம் தெரிந்தது. என் பழைய பையன். தலையில் கொஞ்சம் நரை.

நான் பக்கத்தில் போய், "தம்பி, அந்தப் புத்தகத்த நான் படிச்சிருக்கணும். மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு குவளை மோரை என் கையில் கொடுத்து, "வெயிலா இருக்கு, குடிங்கண்ணே" என்றார்.

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் பேச்சைப் படிக்க இப்போதாவது கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஏதோ ஒரு காலத்துச் சன்னாசியின் பெயரைத் தாங்கி நிற்கிறது அந்த மலை. அவர் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. நாம்தான் வருஷா வருஷம் தேடிக்கொண்டு போகிறோம். நாளைக் காலை வேலைக்குப் போனதும் அதே மாதிரி ஒருவரைத் தேடிப் போங்கள், இளைஞர்களே. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு பொறுமையாக நில்லுங்கள், ஒற்றைக் காலிலாவது.

திருச்சிற்றம்பலம்.